கழுத்துவலி: காரணம் அறிவோம், அக்குபங்சரின் துணை கொள்வோம்

காலையில் படுக்கையிலிருந்து எழுந்து தலையைத் திருப்ப முற்படும்போதுதான் கழுத்து என்ற ஓர் உறுப்பு இருப்பதே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதுவரை ஓசையின்றித் தலையைச் சுமந்துவந்த அது, திடீரென ஒரு நாள் இறுகிக்கொள்கிறது. பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்க்க முடிவதில்லை. குனிந்து வாளியைத் தூக்க முடிவதில்லை. இரவில் எந்தப் பக்கம் படுத்தாலும் உறக்கம் வருவதில்லை. உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 20 கோடிக்கும் அதிகமானோர் கழுத்துவலியால் துன்புற்றனர். ஆண்களைவிடப் பெண்களிடம் இத்துன்பம் மிகுந்து காணப்படுகிறது.

கணினியின் முன் அமர்ந்திருப்போருக்கு மட்டுமே உரிய நோய் இது என்று எண்ணிவிடலாகாது. சூரத் நகரின் வைரப் பட்டறைகளில் சுழலும் தகட்டின் மீது கண் பதித்திருப்பவர், லக்னோவில் சிகன்காரிப் பூவேலைக்குத் துணியை மடியில் வைத்துத் தைப்பவர், ரயில் நிலையத்தில் தலையில் பெட்டி சுமப்பவர், தேர்வுக்காக இரவெல்லாம் புத்தகத்தின் மேல் கவிந்திருக்கும் மாணவர் ஆகிய அனைவரும் தம் கழுத்திடம் கடன் வாங்கியே வேலை செய்கின்றனர். கழுத்துவலியின் காரணங்களையும், அதைத் தணிப்பதில் அக்குபங்சர் சிகிச்சை எவ்வளவு உதவும் என்பதையும், அதன் எல்லை எது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கழுத்தின் அமைப்பு

மனிதக் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. நெடுங்கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் எண்ணிக்கை அதே 7 தான். முதல் முள்ளெலும்புக்கு ‘அட்லஸ்’ என்று பெயர். வானத்தைத் தோளில் தாங்கியதாகக் கிரேக்கப் புராணம் கூறும் பாத்திரத்தின் பெயரே அது. அதற்கு அடுத்துள்ள ‘ஆக்ஸிஸ்’ என்னும் எலும்பு அச்சாணி போல் அமைந்துள்ளது. நாம் தலையை இடமும் வலமும் திருப்பும்போது அந்த அசைவில் ஏறக்குறைய பாதி, இவ்விரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் நிகழ்கிறது. இரண்டாவது எலும்பிலிருந்து கீழே, ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. எலும்புகளின் நடுவே தண்டுவடம் செல்கிறது. அதிலிருந்து பிரியும் 8 இணை நரம்புகள் கழுத்து, தோள், கை ஆகியவற்றுக்குச் செல்கின்றன. கழுத்தில் நரம்பு அழுத்தப்படும்போது விரல் நுனியில் மரத்துப்போவதன் காரணம் இதுவே.

நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது தோள்களுக்கு நேர் மேலே நிற்கும்வரை தசைகளுக்கு அதிக வேலை இல்லை. முன்னால் சாயும்போது நிலைமை மாறுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணினிவழிக் கணக்கீட்டின்படி, தலையை 15 பாகை சாய்த்தால் கழுத்து தாங்கும் சுமை ஏறத்தாழ 12 கிலோவாகவும், 60 பாகை சாய்த்தால் 27 கிலோவாகவும் உயர்கிறது. இது மாதிரிக் கணக்கீடே. உயிருள்ள கழுத்தில் அளந்ததன்று. எனினும் கைப்பேசியை மடியில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தவருக்குப் பிடரி கனப்பது ஏன் என்பதை இது எளிதில் விளக்கிவிடுகிறது.

வலி எங்கிருந்து வருகிறது

கழுத்துவலிகளுள் பெரும்பாலானவை தசை, தசைநார், சிறு மூட்டுகள் ஆகியவற்றின் அயர்ச்சியால் வருபவை. பிடரியிலிருந்து தோள் வரை விரிந்துள்ள தசையும், தோள்பட்டை எலும்பை மேலே இழுக்கும் தசையும் இடைவிடாமல் இறுகியிருந்தால், அவற்றில் தொட்டாலே வலிக்கும் முடிச்சுகள் தோன்றுகின்றன. மண்டையோட்டின் அடியிலுள்ள சிறு தசைகள் இறுகும்போது வலி தலைக்கும் பரவுகிறது. கவலையும் உறக்கக் குறைவும் இந்த இறுக்கத்தை மேலும் கூட்டுகின்றன. தவணை கட்ட வேண்டிய வாரத்தில் தோள்கள் காதை நோக்கி உயர்ந்திருப்பதைப் பலர் உணர்ந்திருக்கக்கூடும்.

இங்கே ஓர் அச்சத்தைக் களைவது அவசியம். படமெடுத்துப் பார்த்ததும் ‘எலும்புத் தேய்மானம்’, ‘வட்டு பிதுங்கியுள்ளது’ என்ற சொற்களைக் கண்டு மனமொடிந்து போவோர் பலர். ஜப்பானில் கழுத்தில் எத்தொல்லையும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2015-இல் வெளியாயிற்று. அவர்களுள் 100-க்கு 87 பேருக்கும் மேற்பட்டோரிடம் வட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. தலைமயிர் நரைப்பது போல் வட்டுகளும் வயதுக்கேற்ப மாறுகின்றன. ஆகவே படத்தில் தெரியும் மாற்றமே வலிக்குக் காரணம் என்று முடிவு செய்துவிட இயலாது. நோயாளியின் அறிகுறிகளோடு அது பொருந்துகிறதா என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

திடீரெனப் பிடித்துக்கொள்ளும் கழுத்துவலி பெரும்பாலும் சில நாள்களிலோ சில வாரங்களிலோ தணிந்துவிடுகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதையே நாள்பட்ட வலி என்கிறோம். அக்குபங்சரை நாடி வருவோரில் பலர் இந்த இரண்டாம் வகையினரே.

முதலில் மருத்துவரைக் காண வேண்டிய அறிகுறிகள்

எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தாலும், அதற்கு முன் கீழ்க்காணும் அறிகுறிகள் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

- விபத்துக்கோ கீழே விழுந்ததற்கோ பிறகு தோன்றிய வலி.
- காய்ச்சல், கடும் தலைவலி ஆகியவற்றுடன் கழுத்து விறைத்துப்போதல்.
- கையில் வலுக்குறைவு, சட்டைப் பொத்தானைப் போட இயலாமை, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை.
- காரணமின்றி உடல் எடை குறைதல், ஓய்விலும் இரவிலும் தணியாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தமை.
- நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் கழுத்து, தாடை, இடக்கை ஆகியவற்றில் வலி. இது மாரடைப்பாக இருக்கக்கூடும்.
- திடீரென எழுந்த கடும் கழுத்துவலியுடன் தலைச்சுற்றல், பேச்சுக் குழறல், பார்வைக் குழப்பம்.

இவற்றுள் ஒன்று இருந்தாலும் ஊசிக்கும் எண்ணெய்க்கும் நேரம் செலவிடாமல் மருத்துவமனைக்குச் செல்வதே உயிர்காக்கும் செயலாகும். முடிதிருத்தகத்தில் தலையைப் பிடித்துச் சட்டெனத் திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்கள் கழுத்தெலும்புகளின் ஊடே செல்வதால், அத்தகைய திடீர்த் திருகல் அந்நாளங்களில் கிழிசலையும் பக்கவாதத்தையும் உண்டாக்கக்கூடும். கணநேர இதத்துக்காக இவ்விடரை ஏற்பது தகாது.

சீனத்திலிருந்து கொல்கத்தா வரை

அக்குபங்சரின் தாயகம் சீனம். கிறிஸ்துவுக்கு முந்தைய இறுதி நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ‘மஞ்சள் பேரரசரின் அகமருத்துவ நூல்’ இதன் அடிப்படைகளைப் பேசுகிறது. உடலில் ‘ச்சி’ எனப்படும் உயிராற்றல் குறிப்பிட்ட தடங்களில் ஓடுகிறது என்றும், அவ்வோட்டம் தடைப்படும்போது வலி பிறக்கிறது என்றும், தடத்தின் மீதுள்ள புள்ளிகளைத் தூண்டி ஓட்டத்தைச் சீர்செய்யலாம் என்றும் பண்டைய சீன மருத்துவர்கள் கருதினர். மரபு வழியில் 361 புள்ளிகள் வகுக்கப்பட்டுள்ளன. 2010-இல் யுனெஸ்கோ இக்கலையை மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

நம் நாட்டுக்கு இக்கலை வந்த வரலாறு மனித நேயத்தோடு பிணைந்தது. ஜப்பானியப் படையெடுப்பால் சீனம் துன்புற்ற 1938-ஆம் ஆண்டில், இந்திய தேசியக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்கள் கொண்ட குழுவை அங்கு அனுப்பியது. அவர்களுள் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ் 1942-இல் அம்மண்ணிலேயே உயிர் நீத்தார். அவருடன் சென்ற வங்காள மருத்துவர் பிஜோய் குமார் பாசு, 1950-களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று அக்குபங்சரைக் கற்றார். நாடு திரும்பிக் கொல்கத்தாவில் அச்சிகிச்சையைத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரமும் பின்னர் அவ்வழியே சென்றது. 2019 பிப்ரவரியில் நடுவணரசின் நலவாழ்வுத் துறை அக்குபங்சரைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்று ஆணை வெளியிட்டது.

ஊசி என்ன செய்கிறது

மயிரிழை போன்ற ஊசியைத் தோலில் செருகினால் வலி எவ்வாறு குறையும் என்ற ஐயம் இயல்பானதே. ‘ச்சி’ என்னும் ஆற்றலை எந்தக் கருவியும் அளந்ததில்லை. ஆனால் ஊசி நுழைந்ததும் உடலில் நிகழும் சில மாற்றங்களை அறிவியல் கண்டறிந்துள்ளது. ஊசி தசையிலுள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அச்செய்தி தண்டுவடம் வழியே மூளைக்குச் செல்ல, மூளை தன்னிடமுள்ள வலி தணிப்பான்களாகிய எண்டார்ஃபின் முதலிய பொருள்களைச் சுரக்கிறது. ஊசி இட்ட இடத்தில் குருதியோட்டம் கூடி, தசையின் இறுக்கம் தளர்கிறது. 2010-இல் எலிகளிடம் நடத்திய ஆய்வொன்று, ஊசி முனையைச் சுற்றி அடினோசின் என்ற வலி தணிக்கும் பொருள் மிகுவதைக் காட்டியது.

கழுத்துவலிக்குப் பயன்படும் புள்ளிகளுக்குச் சீனர் சூட்டியுள்ள பெயர்கள் சுவையானவை. பிடரியில், மண்டையோட்டின் அடியில் இருபுறமும் உள்ள குழிகளுக்குக் ‘காற்றின் குளம்’ என்று பெயர். கழுத்துக்கும் தோள் முனைக்கும் இடையிலுள்ள மேட்டில் இருப்பது ‘தோள் கிணறு’. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையில் அமைந்தது ‘கூடும் பள்ளத்தாக்கு’. காலையில் பிடித்துக்கொள்ளும் கழுத்தைச் சீனர், தலையணையிலிருந்து தலை நழுவியது என்ற பொருளில் வழங்குகின்றனர். அதே பெயருடைய ஒரு புள்ளி புறங்கையில், சுட்டுவிரல் எலும்புக்கும் நடுவிரல் எலும்புக்கும் இடையில் உள்ளது. கழுத்தைத் தொடாமல் கையில் ஊசியிட்டு, நோயாளியை மெல்லக் கழுத்தைத் திருப்பச் சொல்வது இச்சிகிச்சையின் ஒரு முறையாகும். கடும் வலியால் கழுத்தில் கைவைக்கவே அஞ்சுவோருக்கு இது ஏற்றதாகிறது.

ஆய்வுகள் கூறுவது

இங்கிலாந்தில் 517 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வொன்று நம் பொருளுக்கு நேரடியாகப் பயன்படுவது. அவர்களுள் பாதிப்பேர் 6 ஆண்டுகளோ அதற்கு மேலோ கழுத்துவலியால் வருந்தியவர்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதனுடன் 12 அமர்வுகள் வரை அக்குபங்சர் தரப்பட்டது. மூன்றாம் பிரிவினர் உடலைச் சரியாக நிறுத்தவும் அசைக்கவும் கற்பிக்கும் அலெக்சாண்டர் முறைப் பயிற்சியைப் பெற்றனர். ஓராண்டு கழிந்தபின் அக்குபங்சர் பெற்றோரிடம் வலியும் அதனால் வரும் இயலாமையும் தொடக்க நிலையிலிருந்து 32 விழுக்காடு குறைந்திருந்தன. பயிற்சி பெற்றோரிடம் 31 விழுக்காடு குறைந்திருந்தன. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரைவிட இரு பிரிவினரும் நல்ல நிலையில் இருந்தனர். ஆயினும் அந்த இடைவெளி மிகப் பெரியதன்று.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, அக்குபங்சரின் பயன் ஊசியை எடுத்தவுடன் மறைந்துவிடுவதில்லை. இரண்டாவது, உடல்நிலையைத் திருத்தும் பயிற்சியும் அதே அளவு பயன் தந்துள்ளது.

20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, முதுகு, கழுத்து, தோள், மூட்டு, தலை ஆகியவற்றின் நாள்பட்ட வலிகளில் அக்குபங்சர் பயன் தருவதை உறுதி செய்தது. ஊசியிடுவது போல் பாவனை செய்யும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது அதன் மேன்மை சிறிதாகவே இருந்தது என்பதையும் அது மறைக்கவில்லை. நோயாளியின் நம்பிக்கை, சிகிச்சையாளரின் கனிவு, அரை மணி நேர ஓய்வு ஆகியவையும் குணமாதலில் பங்கு பெறுகின்றன என்று இதிலிருந்து கொள்ளலாம்.

சிகிச்சை அறையில்

நல்ல சிகிச்சையாளர் முதலில் ஊசியை எடுப்பதில்லை. வலி தொடங்கிய நாள், வேலை, உறக்கம், உட்கொள்ளும் மருந்துகள், முந்தைய நோய்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்து, கழுத்தின் அசைவையும் தசைகளின் இறுக்கத்தையும் சோதிப்பார். பின்னர் நுண்ணூசிகளைச் செருகி, 20 முதல் 30 நிமிடம் வரை அப்படியே விடுவார். செருகும்போது கொசுக்கடி போன்ற உணர்வும், பின்னர் அவ்விடத்தில் கனமோ மரத்த உணர்வோ தோன்றலாம். சிலருக்குச் சிறு குருதிக்கட்டு, களைப்பு, மயக்கம் ஏற்படுவதுண்டு. வெறும் வயிற்றோடு செல்லாதிருப்பது நலம்.

சில முன்னெச்சரிக்கைகள் இன்றியமையாதவை. ஊசி ஒவ்வொன்றும் நம் கண்முன் உறை பிரிக்கப்பட்டு, ஒரே முறை பயன்படுத்தி அகற்றப்பட வேண்டும். மறுமுறை பயன்படுத்தும் ஊசி மஞ்சள் காமாலைக் கிருமியைப் பரப்பக்கூடும். தோள் மேட்டுக்கு அடியில் நுரையீரலின் உச்சி இருப்பதால், அங்கே ஆழமாகச் செருகப்படும் ஊசி நுரையீரலைத் துளைத்துவிட இடமுண்டு. உடலமைப்பை முறையாகக் கற்றவரிடமே செல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. சிகிச்சைக்குப் பின் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவுற்றோர், குருதி உறையாமைக்கு மருந்து உட்கொள்வோர், இதயமுடுக்கி பொருத்தியோர் ஆகியோர் தம் நிலையை முன்னரே தெரிவிக்க வேண்டும். இதயமுடுக்கி உள்ளவர்களுக்கு மின்தூண்டலுடன் கூடிய ஊசிச் சிகிச்சை ஏற்றதன்று.

இச்சிகிச்சையைத் தொடங்கினால் மற்ற மருந்துகள் அனைத்தையும் நிறுத்திவிட வேண்டும் என்று கூறுவோரும் உண்டு. குருதி அழுத்தம், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுக்கான மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் ஒருநாளும் நிறுத்தலாகாது. அவ்வாறு வற்புறுத்துவோரிடமிருந்து விலகுவதே அறிவுடைமை.

செலவும் காப்பீடும்

வாடிக்கையாளர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய பொருளாதாரப் பக்கமும் இதற்கு உண்டு. அக்குபங்சர் ஒரே அமர்வில் முடிவதில்லை. வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறையாகச் சில வாரங்கள் தொடர்வது வழக்கம். எனவே ஓர் அமர்வுக்குரிய கட்டணத்தை மட்டும் கேளாமல், மொத்தம் எத்தனை அமர்வுகள் தேவைப்படலாம் என்பதையும் முதல் நாளே கேட்டறிய வேண்டும். 20, 30 அமர்வுகளுக்கு முன்பணத்தை மொத்தமாகச் செலுத்துவதைவிட, 5 அல்லது 6 அமர்வுகளுக்குப் பின் முன்னேற்றத்தைக் கணக்கிட்டுத் தொடர்வதா விடுவதா என முடிவு செய்வது நன்று. தலையை எவ்வளவு திருப்ப முடிகிறது, எத்தனை மணி நேரம் உறங்க முடிகிறது, வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை உட்கொள்கிறோம் என்ற மூன்றையும் குறித்து வைத்தால், அக்குறிப்பே விடை கூறிவிடும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, பல பாலிசிகளில் ஆயுஷ் சிகிச்சைக்கு இடமுண்டு. ஆயினும் ஆயுஷ் என்ற பெயரில் அடங்கும் ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, ஹோமியோபதி ஆகியவற்றின் வரிசையில் அக்குபங்சர் பெயர் இல்லை. மேலும் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. அக்குபங்சரோ வந்து செல்லும் சிகிச்சை. பாலிசி ஆவணத்தைப் படித்து, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் விளக்கம் பெற்றபின் செலவைத் திட்டமிடுவது ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

ஊசிக்குப் பின் நம் கடமை

அக்குபங்சர் நமக்குத் தருவது வலி தணிந்த ஓர் இடைவேளை. வலி கடுமையாக இருக்கும்போது உடற்பயிற்சி செய்ய இயலாது. உடற்பயிற்சி இன்றித் தசை வலுப்பெறாது. வலுவற்ற தசையில் வலி மீண்டும் வரும். இச்சுழலை உடைப்பதற்கே அந்த இடைவேளை. அதை வீணாக்கிப் பழைய நாற்காலியில், பழைய கோணத்தில், பழைய நேரம்வரை அமர்ந்தால், எத்தனை ஊசியிட்டும் வலி திரும்பவே செய்யும்.

கணினித் திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். மடிக்கணினியை நெடுநேரம் பயன்படுத்துவோர், அதன் அடியில் சில புத்தகங்களை அடுக்கித் தனி விசைப்பலகையை இணைத்துக்கொள்ளலாம். கைப்பேசியைக் கண்ணை நோக்கி உயர்த்திப் பார்ப்பதும், காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிப் பேசாதிருப்பதும் எளிய பழக்கங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோள்களைச் சுழற்ற வேண்டும். தலையணை, கழுத்துக்கும் படுக்கைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பும் உயரத்தில் இருந்தால் போதும். குப்புறப் படுப்பதைத் தவிர்க்க வேண்டும். கழுத்துப் பட்டையை மருத்துவர் கூறாமல் நாள்கணக்கில் அணிந்தால் தசைகள் மேலும் நலியும்.

நாள்தோறும் செய்யத்தக்க பயிற்சிகள் மூன்று. நிமிர்ந்து அமர்ந்து, பார்வை நேராக இருக்க, மோவாயை மெல்லப் பின்னோக்கி இழுத்து 5 எண்ணும்வரை நிறுத்துவது முதலாவது. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றையொன்று நெருங்கச் செய்வது இரண்டாவது. உள்ளங்கையை நெற்றியிலும், பின் பக்கவாட்டிலும், பிடரியிலும் வைத்து, தலை அசையாதவாறு மெல்ல எதிர்த்து அழுத்துவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் 10 முறை செய்யலாம். வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும். ஊசியை விரும்பாதோர், ‘காற்றின் குளம்’ எனும் பிடரிக் குழிகளில் இரு கட்டைவிரல்களையும் வைத்து ஒரு நிமிடம் இதமாக அழுத்திப் பார்க்கலாம். மண்டையோட்டின் அடியில் இறுகிய தசைகள் அதனால் சற்றே தளரும்.

நம் சேமிப்புக் கணக்கை மாதந்தோறும் சரிபார்க்கும் நாம், ஓய்வின்றி உழைக்கும் கழுத்தின் கணக்கையும் அவ்வப்போது பார்ப்பது நலம். வலி தோன்றியதும் ஆபத்தான அறிகுறி உண்டா என முதலில் மருத்துவரிடம் அறிவோம். இல்லையெனில் தேர்ந்த கைகளில் அக்குபங்சரின் துணையை நாடுவோம். தணிந்த நாள்களைப் பயிற்சிக்கும் நல்ல பழக்கத்துக்கும் செலவிடுவோம். நிமிர்ந்த தலையோடு நெடுங்காலம் உழைக்க இதுவே வழி.